மலையிலிருந்து இறங்கிய பின் நண்பனுக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி, வேலூர்.
சித்திரை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், தொலைவில் வரும் பேருந்தின் ஊர்ப்பெயரை இப்போது நீயே படித்துவிடுகிறாய் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். சொட்டு மருந்தை மட்டும் அவர்கள் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போட்டுக்கொள். பொறியியல் வேண்டாம், சட்டம்தான் படிப்பேன் என்று பேரன் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். அவன் போக்கில் விட்டுவிடு. நம் அப்பாக்கள் பேச்சை நாம் எவ்வளவு கேட்டோம் என்பது உனக்கே தெரியும். இங்கே வெயில் வழக்கம்போல அக்கினி நட்சத்திரம் வரும்வரை காத்திருக்கவில்லை. மாலை ஆறு மணிக்கும் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

உன் கடிதத்தின் பின்பாதி கோபமாக இருந்தது. நாலு பேர் கூடி அழுதால் பாரம் குறையும் என்று பெரியவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள், நீ மட்டும் எதற்காக ஆளில்லாத காட்டில் போய் உட்கார்ந்தாய், மகன் எவ்வளவு தவித்திருப்பான் என்று கேட்டிருந்தாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. தங்கச்சி என்று நீ என் மனைவியை வாய் நிறைய அழைத்தது நாற்பது வருடத்துக்கும் மேலான பழக்கம். ஆகையால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஐப்பசியில் அவள் போன நாளிலிருந்து கருமாதி வரைக்கும், அதற்குப் பிறகும் பல வாரங்கள், வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்படி ஆச்சு?" என்பதுதான். முதல் சில நாட்கள் சொல்லும்போது தொண்டை அடைத்தது. பிறகு பழகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தது, இரவில் மூச்சுத் திணறியது, ஆம்புலன்ஸுக்குச் சொன்னது, அது வருவதற்குள் எல்லாம் முடிந்தது என்று, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கேட்பவர் உச்சுக் கொட்டுவார் என்பது வரை எனக்கு மனப்பாடமாயிற்று. பல தடவை துவைத்த துணியைப் போல அந்தக் கதை சாயம் போய்விட்டது. ஆனால் அவளைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கதை முடிந்ததும் வந்தவர்கள் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "கொடுத்து வைத்த மகராசி, சுமங்கலியாய்ப் போய்ச் சேர்ந்தாள்." நான் உயிரோடு மிஞ்சியிருப்பது அவள் செய்த பாக்கியம் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்வதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! அவர்கள் நல்லவர்கள்தாம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடலாம் என்றிருக்கும்.

பெண்களுக்காவது ஒப்பாரி இருக்கிறது. உள்ளே அவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, ஆண் பிள்ளையாகப் பிறந்தவன் தெருப் பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டு, வருகிறவர்களைக் கும்பிட்டு, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எரியூட்டிவிட்டு வந்த அன்றைக்கும் நான் வாய்விட்டு அழவில்லை என்பதை உன்னிடம் சொல்வதற்கென்ன.

தை பிறந்ததும் போளூரில் பேருந்து மாறி ஜமுனாமரத்தூர் போனேன். வேளாண்மைத் துறையில் இருந்த காலத்தில் சாமை சாகுபடி பார்க்கப் போய்ப் பழகிய ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம், ஊரிலிருந்து சற்றுத் தள்ளிப் புளியந்தோப்பின் ஓரத்தில் சும்மா கிடந்த ஓட்டு வீட்டை எனக்குக் கொடுத்தது. ஜவ்வாது மலை உதகையைப் போல மனிதனை மயக்கும் மலையன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வறண்ட அழகுதான். தை மாதத்தில் புல் காய்ந்து பாறை தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். கைப்பேசி அங்கே எடுக்காது. வாரம் ஒரு தடவை ஜமுனாமரத்தூருக்கு நடந்து போய் மகனுடன் பேசிவிட்டு, இரத்தக் கொதிப்பு மாத்திரையும் அரிசி பருப்பும் வாங்கி வருவேன் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். ஆகவே அவனைத் தவிக்க விட்டேன் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

முதலில் நிம்மதி கிடைத்தது என்று எண்ணிவிடாதே. முதல் சில இரவுகள் ஊரில் இருந்ததைவிடக் கொடுமையாக இருந்தன. அவளுடைய இடது முழங்கையில், டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்த இடத்தைத் தொட்டால் தோலுக்கடியில் இரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும். அந்த அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தூக்கத்தில்கூட என் கை தானாக நீண்டு அதைத் தொட்டுப் பார்க்கும். மலைமேல் கயிற்றுக் கட்டிலில் அந்தக் கை நீண்டு வெறுங்காற்றைத் தொடும்போது விழித்துக்கொள்வேன். பிறகு விடியும்வரை தூக்கம் இருக்காது. ஒரு பின்மாலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது, எந்தக் காரணமும் இல்லாமல், என் குரல் என்று எனக்கே தெரியாத ஒரு குரலில் கத்தி அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் தடியும் கையுமாக ஓடி வந்து, "ஐயா, கரடி கிரடி வந்துச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அப்போ சரி" என்று ஆட்டைப் பார்க்கப் போய்விட்டான். ஐப்பசி முதல் அன்றுவரை எனக்குக் கிடைத்த ஆறுதல்களில் அதுதான் சிறந்தது.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி. சாம்பார், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். வெயில் காலத்தில் வேலூரில் முக்கால் லிட்டர்! அவள் பார்க்க நான் ஒரு முழு டம்ளர் குடித்ததில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காய்கறியை வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அவள் இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்டுகள் அவை. மலையில் நான் தங்கிய வீட்டுக்குக் கீழே, பாறை இடுக்கில் ஒரு சுனை உண்டு. மூங்கில் பிளவு வழியாக இரவும் பகலும் நீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குடிக்கப் போனால் என் கை அரை டம்ளரோடு நின்றுவிடும். யாருக்காக அளக்கிறேன் என்று அங்கேயே நின்று யோசித்திருக்கிறேன். மாசி பாதியில் ஒரு நாள் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, வயிறு நிறையும் வரை குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு அளக்கவில்லை.

மாசியில் புளி உலுக்குவார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மரத்தடியில் பழத்தைக் குவித்து, பெண்களும் கிழவர்களும் சுற்றி உட்கார்ந்து ஓடு நீக்கி, நாரை உரித்து, சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். சும்மா இருக்கிற கை தானே என்று என் முன்னாலும் ஒரு குவியலைத் தள்ளினார்கள். பேச்சு அதிகம் கிடையாது. அவர்கள் பேசினாலும் மழை, விலை, கரடி, இவ்வளவுதான். என் மனைவி இறந்தது அவர்களுக்குத் தெரியும். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மரத்தடியில் ஒரு காலைப்பொழுதில், விரலெல்லாம் பிசுபிசுத்து நகக்கண் எரிய உட்கார்ந்திருக்கையில், அவள் ஞாபகம் வந்தது. ஊசி குத்தித் தடித்த கையோடு அல்ல. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் புளிக்காரியோடு எடைக்குச் சண்டை போட்டு, கொட்டை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று கிளறிப் பார்த்து, வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் கல்லுப்புப் போட்டு ஜாடியில் அமுக்குவாளே, அந்தப் பெண். முப்பது வயது இருக்கும் அப்போது. அவளை நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோய் அவளை முதலில் மூடியது. மிச்சத்தை என் வாயிலிருந்து ஓயாமல் வந்த மரணக் கதை மூடியது. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் அந்தக் கதை தானாக ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் பழையவள் ஒவ்வொரு முகமாக வெளியே வந்தாள்.

இதை வைத்து மலையின் மகிமை என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆகாயத்தின் முன் நம் துக்கம் துரும்பு என்று சிலர் சொல்வார்கள். அது எனக்கு உதவவில்லை. பங்குனியில் ஒரு நாள் காவலூர் விண்ணோக்கு நிலையத்துக்குப் போனேன். நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்று தேடி வானியல் அறிஞர் வைணு பாப்பு அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே செய்து நிறுத்திவிட வேண்டும் என்று உழைத்த மனிதர், 1982-இல், ஐம்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவருடன் இருந்தவர்கள் வேலையை விடாமல் முடித்தார்கள். 1986-இல் அது திறக்கப்பட்டபோது அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மாடத்தின் கீழே நின்றுகொண்டு நட்சத்திரங்களைப் பற்றி நான் நினைக்கவில்லை. இடையில் கழிந்த நான்கு ஆண்டுகளில், அவர் இல்லாத அறையில் அவர் போட்ட வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, அவர் இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று தமக்குள் பேசிக்கொண்டிருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றித்தான் நினைத்தேன். அப்படிப் பேச அவர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை இருந்தது.

நான் இறங்கி வந்ததற்கும் அதுவே காரணம். அங்கிருந்து திரும்பிய சில நாட்களில், எங்கிருந்தோ, 1981 மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய், நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயிலில் வைத்தார்களே, அந்தச் சமயம். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன புதுப்பெண் அவள். நீ எதிர் வீட்டு மாடி அறையில் இருந்தாய். மூன்று பேரும் சேர்ந்தே போனோம். சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள் அல்லவா? கூட்டத்துக்கு நடுவில் அவள், "சாமி வந்தாச்சு. ஆற்றுக்குத் தண்ணி எப்போ கொண்டு வருவாங்க?" என்று உரக்கக் கேட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். சுனையடியில் நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். சிரித்த மறுகணமே இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று இருந்தது. புளி தட்டும் பாட்டியிடம் சொல்லலாம். ஆனால் அவளை அறியாதவரிடம் சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு. மகனுக்கு அவள் அம்மா மட்டுமே. அந்தப் புதுப்பெண்ணை அவன் கண்டதில்லை. அவளை அந்த வயதில் கண்டவர்களில் இன்று என்னோடு பேசக்கூடியவன் நீ ஒருவன்தான். பங்குனி முடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டேன். நாலு பேர் வேண்டும் என்று நீ எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்த நாலு பேர் என்பதில்தான் நமக்குள் வழக்கு.

ஆகவே ஒரு வேண்டுகோள். நோயைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. அது என்னிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. அந்தச் சத்துவாச்சாரி நாட்களில் நீ பார்த்ததை எழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு வரும்போது உன்னிடம் அவள் என்னைப் பற்றி என்ன குறை சொல்வாள்? பெரியவர் சிரித்தார் என்பது சரிதானா, அல்லது சிரித்தது நீயா? குழாயடியில் எதிர் வீட்டம்மாவோடு அவளுக்கு ஒரு மாதம் பேச்சு நின்றுபோனதே, அது எதனால்? எனக்கு மறந்துவிட்டது, அன்றைக்கே அவள் என்னிடம் முழுவதும் சொல்லவில்லை என்றும் சந்தேகம். எழுதினால் கண் உறுத்தும் என்றால் நீ சொல்லச் சொல்லப் பேரனை எழுதச் சொல். வக்கீலாகப் போகிறவனுக்கு வாக்குமூலம் எழுதிப் பழகியது போலவும் இருக்கும். ஐப்பசியில் தலைதிவசம் வருகிறது. அதற்கு நீ வருவாய் என்று தெரியும்; ஆனால் கடிதத்துக்கு ஐப்பசி வரை காத்திருக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்