ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 23ஆம் தேதி தங்கள் நாளிதழின் 'வரலாற்றில் இன்று' பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616ஆம் ஆண்டு இதே நாளில் இறந்தது "உலக வரலாற்றின் ஒப்பற்ற அதிசயம்" என்று. ஒப்பற்றதுதான். ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார். பழைய ஜூலியன் கணக்கில் ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஓடி, பத்து நாள் பிசகு சேர்ந்திருந்தது. ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது. அங்கே அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தார்கள். இங்கிலாந்தோ, போப் சொல்லி நாம் கேட்பதா என்று 1752 வரை முறைத்துக்கொண்டு நின்றது. ஆகவே ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்ஃபோர்டில் கண்மூடிய ஏப்ரல் 23, ஸ்பெயின்காரர்களுக்கு மே 3. இடையில் பத்து நாள். போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் மாட்ரிட்டில் இறந்தது 22ஆம் தேதி. 23 என்பது அவரை அடக்கம் செய்த நாள். அது சனிக்கிழமை. ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை. சனியும் செவ்வாயும் ஒரே நாளில் வருவதாக இருந்தால் அது அதிசயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

யுனெஸ்கோ அமைப்பே 1995இல் இந்தத் தேதியைப் பார்த்துத்தானே உலகப் புத்தக நாளை அறிவித்தது என்று தங்கள் உதவி ஆசிரியர் யாராவது சொல்லக்கூடும். சரி, அறிவித்தது. புத்தகத்துக்கு ஒரு நாள் வேண்டும், பெரியவர்கள் இருவர் பெயரும் ஒரே தேதியில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். கட்டலோனியாவில் ஏற்கெனவே அன்றைக்குப் புத்தகமும் ரோஜாவும் கொடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஒரே தேதி என்பது வேறு, ஒரே நாள் என்பது வேறு. என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. அப்பா தை மாதம் தேய்பிறை சப்தமியில் போனார். அந்தத் திதி ஒரு வருஷம் ஜனவரியில் வரும், ஒரு வருஷம் பிப்ரவரியில் வரும். "காலண்டர்ல தேதியைப் பார்க்காதடா, பஞ்சாங்கத்தைப் பாரு" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்வார். இரண்டு கணக்கு பக்கத்தில் பக்கத்தில் ஓடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கள் அலுவலகத்தில் எத்தனை பட்டதாரிகள் இருப்பார்கள்!

இது முதல் தடவையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். போன வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி "ரஷ்யாவில் புரட்சி வெடித்தது" என்று போட்டீர்கள். நவம்பர் 7ஆம் தேதி மறுபடியும் "ரஷ்யாவில் புரட்சி வெடித்தது" என்று போட்டீர்கள். பெட்ரோகிராடில் லெனின் ஒரு தடவை நடத்தவே படாத பாடு பட்ட புரட்சியை இரண்டு தடவை நடத்திக் காட்டியது தங்கள் நாளிதழ் ஒன்றுதான். இரண்டும் ஒரே நாள்தான்: அக்டோபர் 25 பழைய கணக்கு, நவம்பர் 7 புதுக் கணக்கு. ரஷ்யா 1918இல்தான் கணக்கை மாற்றியது. அங்கே ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. அடைப்புக்குறிக்குள் மூன்று சொல் போட்டிருந்தால் போதும்.

நியூட்டன் விஷயம் இன்னும் பழைய புண். கலீலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார், அறிவியலின் சுடர் கைமாறியது என்று உருக்கமாக எழுதியிருந்தீர்கள். கலீலியோ 1642 ஜனவரி 8இல் இறந்தது இத்தாலியின் புதுக் கணக்கு. நியூட்டன் 1642 டிசம்பர் 25இல் பிறந்தது இங்கிலாந்தின் பழைய கணக்கு. புதுக் கணக்கிலேயே இரண்டையும் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. பழைய கணக்கில் பார்த்தால் கலீலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படிப் புரட்டினாலும் ஒரே ஆண்டு வராது. இதை விளக்கமாக எழுதி அனுப்பினேன். ஆரம்பத்தில் மரியாதைக்காக 'தங்கள் வரலாற்றுப் பகுதி அருமை, தினமும் தவறாமல் வாசிக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் வாசகர் கடிதத்தில் வெளியிட்டீர்கள், என் பெயரோடு. பழைய மாணவர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள்.

வெளிநாட்டு விவகாரம், நமக்கென்ன என்றும் விட முடியாது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். அவர் எழுதிக்கொண்ட தேதி செப்டம்பர் 21. கோட்டைக்குள் சரணடைந்த ஆங்கிலேயர்கள் எழுதிக்கொண்டது செப்டம்பர் 10. புதுச்சேரியில் புதுக் கணக்கு, சென்னையில் பழைய கணக்கு. பிசகு அதற்குள் இன்னும் ஒரு நாள் கூடியிருந்ததால், அன்றைக்கு இந்த இரண்டு ஊருக்கும் இடையில் பதினோரு நாள் வித்தியாசம். தங்கள் சென்னை தினச் சிறப்பிதழில் ஒரு பக்கத்தில் 10 என்றும் இன்னொரு பக்கத்தில் 21 என்றும் வந்தது. இரண்டுமே சரி. ஏன் இரண்டு என்று சொல்லத்தான் ஆளில்லை. எவ்வளவு ருசியான கதையைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டீர்கள்!

உண்மையிலேயே ஒரே நாளில் நடந்தவை வேண்டுமென்றால் உலகில் பஞ்சமில்லை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டு சரியாக 50 ஆண்டு நிறைந்த 1826 ஜூலை 4 அன்று, அதன் வரைவுக் குழுவில் இருந்த ஜெஃபர்சனும் ஜான் ஆடம்சும் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார் என்று ஆடம்ஸ் கடைசியாகச் சொன்னதாகக் கூறுவார்கள். அதற்கு முன்பே ஜெஃபர்சன் போய்விட்டிருந்தார். லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12இல் பிறந்தவர்கள். கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்றுதான் எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ். லூயிசும் இறந்தார்கள், மறுநாள் பத்திரிகைகளில் அவர்களைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. இதில் ஒன்றுக்கும் தங்கள் பகுதியில் இடம் கிடைத்ததில்லை. இடம் எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டிதான் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, இப்போது நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் இரண்டாம் பக்கத்தில் 'திருத்தம்' என்று ஒரு மூலை இருந்தது. அதையும் காணோம். தவறுகள் நின்றுவிட்டன போலும்.

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குச் சான்றிதழில் பிறந்தநாள் ஜூன் மாதம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. இது தங்கள் பகுதியைத் தயாரிப்பவர் கண்ணில் பட்டால் 'தமிழகத்தின் அதிசய மாதம்' என்று போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் சொல்கிறேன். என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். புத்தக நாளை ஒட்டி நடந்த ஒரு வினாடி வினாவில், ஷேக்ஸ்பியர் இறந்த அதே நாளில் இறந்த ஸ்பெயின் எழுத்தாளர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து, "அதே நாள் இல்லை சார், அதே தேதி" என்று சொல்லியிருக்கிறாள். நடத்தியவர் தங்கள் நாளிதழை உயர்த்திக் காட்டி, "பேப்பர்லயே போட்டிருக்கும்மா" என்று சொல்லி அடுத்த அணிக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "தாத்தா, நீங்க சொன்னது தப்பாம்" என்றாள். வரலாறு நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். அன்றைக்கு அவளுக்கு எடுத்துக்காட்ட என் கையில் அச்சில் எதுவும் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் பெட்டியைத் தினமும் வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள் என்பதையும் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

என் கோரிக்கை பெரிதல்ல. இங்கிலாந்து என்றால் 1752க்கு முந்தைய தேதிக்கும், ரஷ்யா என்றால் 1918க்கு முந்தைய தேதிக்கும் பக்கத்தில் 'பழைய நாட்காட்டி' என்று போடுங்கள். அப்புறம், ஏப்ரல் 23 வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதித் தருகிறேன்:

"ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறக்கவில்லை. செர்வாண்டிஸ் இறந்தது 1616 ஏப்ரல் 22. ஷேக்ஸ்பியர் இறந்தது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி ஏப்ரல் 23, புதிய நாட்காட்டிப்படி மே 3. தவறுக்கு வருந்துகிறோம்."

இடம் போதாவிட்டால் 'வருந்துகிறோம்' என்பதை எடுத்துவிடலாம். தேதிகளில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மன்னார்குடி