வடாற்காட்டு வேதியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வாலாஜாபேட்டையில் வளர்ந்து, நம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன் நான். அதற்குப் பிறகு வினையூக்கிகளோடும் கரிமத் தொகுப்போடும்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் முதுகலை வேதியியல் நடத்தும் துறைகள் எல்லாவற்றுக்கும் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை உங்கள் ஆய்வகத்திலேயே, மாணவர் கையாலேயே செய்ய வையுங்கள்.

வெளியில் பணம் கட்டி, சேர்மம், ஸ்பெக்ட்ரம், பைண்ட் செய்த புத்தகம் எல்லாவற்றையும் வாங்கிவரும் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படி வந்த பிள்ளையிடம் பிஎச்.டி. நேர்காணலில், "வினை முடிந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க வயிறு எரிகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் புள்ளி வைத்து, புற ஊதா விளக்கடியில் தொடக்கப்பொருளான ஆல்டிஹைடின் புள்ளி மங்கிக்கொண்டே வந்து அதற்குக் கீழே புதிதாக ஒன்று தோன்றுவதை அவர்கள் பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

வசதி இல்லை என்பீர்கள். சரி, அதிக வசதி கேட்காத வினையையே எடுத்துக்கொள்வோம். புரோலின் நம் உடம்பிலேயே இருக்கும் அமினோ அமிலம். 1970களிலேயே அதை வினையூக்கியாகப் பயன்படுத்தியிருந்தும் அந்தப் பாதையில் வெகுகாலம் அதிகம் பேர் போகவில்லை. 2000-இல் பெஞ்சமின் லிஸ்ட், ரிச்சர்ட் லெர்னர், கார்லோஸ் பார்பாஸ் மூவரும் அசிட்டோனையும் ஆல்டிஹைடையும் புரோலினோடு சேர்த்து, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு விளைபொருள்களில் ஒன்றே மிகுதியாக வருவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் டேவிட் மேக்மில்லன் வேறொரு கரிம மூலக்கூறைக் கொண்டு இன்னொரு வினையில் இதைச் சாதித்தார். 2021-இல் லிஸ்டும் மேக்மில்லனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்தத் துறைக்காகத்தான்.

இதை 4-நைட்ரோபென்சால்டிஹைடு என்ற ஆல்டிஹைடில் செய்து பார்க்கப் பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் வேண்டாம், அறை வெப்பநிலை போதும். வினை முடிந்ததும் புரோலினைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அதுவும் ஒளியைத் திருப்பும் என்பதால் மிச்சம் இருந்தால் கணக்கு கெடும். அப்புறம் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் (column) ஊற்றி விளைபொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டர், சர்க்கரை நீராற்பகுப்புச் சோதனைக்கென்று வாங்கியது, பல துறைகளின் அலமாரியில் தூங்குகிறது. அதன் சோடியம் விளக்கை ஏற்றி, சுத்தமான விளைபொருளைக் கரைத்துக் குழாயில் நிரப்பினால் ஒளியின் தளம் ஒரு பக்கம் திரும்பும். இரு பிம்பங்களும் சமமாகக் கலந்த டி.எல். புரோலினில் செய்ததை வைத்தால் திரும்பாது. ஏன் என்று அந்தப் பிள்ளை தானாகவே யோசிக்கும். எனக்கு இந்தத் துறையில் பித்துப் பிடித்ததே இப்படி ஒரு கேள்வியால்தான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வேண்டுமானால் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்தில் வெளியாரும் கட்டணம் செலுத்தி எடுக்கலாம்.

அடுத்து, நம் மண்ணுக்கே உரிய விஷயம். ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க இன்னும் பி.சி.சி. என்ற குரோமியச் சேர்மத்தைத்தானே சொல்லித் தருகிறோம்? ஆரஞ்சுத் தூள் கறுத்துத் தார்போலக் குடுவையில் ஒட்டி, வடிதாளை அடைத்துக்கொள்ளும். அதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை ஒன்று 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. நிலத்தடி நீரே கெட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் இதையா பழக்குவது?

மாற்று 1987-லேயே வந்துவிட்டது. டெம்போ (TEMPO) என்ற கரிம வினையூக்கி துளி, கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடு, பைகார்பனேட், சாதாரண பிளீச் கரைசல், ஐஸ் குளியல். கரைப்பானைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். டெம்போவைச் சிலிக்காவில் பிணைத்து எத்தனை முறை திரும்பப் பயன்படுத்த முடியும் என்று பார்ப்பது ஒரு மாணவருக்கு ஏற்ற புராஜெக்ட்.

இதற்கெல்லாம் மாலையில் ஆய்வகம் திறந்திருக்க வேண்டும், ஒரு ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பாட வேளைச் சுமை எனக்குத் தெரியும். அந்த நேரத்தைப் பணிக்கணக்கில் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள், ஐயா. வரும் கல்வியாண்டில் ஒரு துறை முன்வந்தாலும் போதும். டெம்போவும் டி.எல்.சி. தட்டுகளும் நான் கொண்டுவருகிறேன். செய்முறையைத் தமிழில் எழுதித் தருகிறேன். முதல் வினைக்கு உங்கள் மாணவர்களோடு மேசையருகே நிற்கிறேன்.

அன்புடன்,
வாலாஜாபேட்டையைச் சேர்ந்த ஒரு வேதியியலாளன்