ஊறுகாய்க்கும் இறைச்சிக்கும் ஒரே அளவுகோலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் செய்த தின்பண்டங்களை நேரடியாக விற்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 'வீட்டு அடுப்படியில் செய்ததை விற்க விட்டால் மக்கள் உடல்நலம் என்னாவது' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் எந்த அடுப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த உணவு என்று பார்க்க வேண்டும்.

பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி, காற்றுப் புகாத, ஈரமுள்ள, புளிப்புக் குறைந்த இடத்தில்தான் பெருகி நஞ்சை உண்டாக்கும். பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்; அந்த எண் 4.6க்குக் கீழே போகும் அளவுக்குப் புளிப்பு இருந்தால் அதனால் தலைதூக்க முடியாது. எலுமிச்சை ஊறுகாய்க்கு அந்தப் புளிப்பு இருக்கிறது, மொறுமொறு பிஸ்கட்டில் அதற்கு வேண்டிய ஈரம் இல்லை. ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து மூடி, ஃபிரிட்ஜுக்கு வெளியிலேயே வைத்தீர்களானால் அதற்கு வேண்டிய எல்லாமே அங்கே கிடைத்துவிடும், அந்த நஞ்சுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. சட்டம் கறாராக இருக்க வேண்டியது இங்கேதான்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 2015-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. உரிமம் வேண்டாம், ஆனால் இது அரசுச் சோதனைக்கு உட்படாத உணவு என்று வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். மெய்ன் மாநிலம் 2017-இல் உள்ளூர் அமைப்புகளே நேரடி விற்பனைக்கு விதி வகுத்துக்கொள்ளலாம் என்றது, மத்திய அரசு எச்சரித்ததும் அதே ஆண்டிலேயே இறைச்சியையும் கோழியையும் அதிலிருந்து விலக்கிவிட்டது. என்னைக் கேட்டால் அது நியாயமான விலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதியும், விவசாயி தன் விளைச்சலைச் சிறு அளவில் நேரடியாக விற்பதைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை, அதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது.

நேரடி விற்பனையில் ஒரு பாதுகாப்பு உண்டு, அதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. நான் ஜாம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். ஒருநாள் ஒரு அம்மா பாட்டிலோடு வந்து, மூடி உப்பியிருக்கிறது பாருங்கள் என்றார். விரலால் அழுத்தினேன், உள்ளே போய் மறுபடி மேலே வந்தது. லேபிளில் கையால் தேதி எழுதியிருந்ததால் எந்த ஈடு என்று உடனே தெரிந்தது, அன்று வாங்கிய ஏழு பேருக்கும் அரை மணி நேரத்தில் போன் பண்ணி, யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். பல கை மாறிப் போகிற சரக்கில் இப்படி ஆளைத் தேடிப் பிடிக்க எத்தனை நாள் ஆகும்?

அப்புறம், விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்தவர் பெயர், தேதி, சேர்த்த பொருட்கள், ஒவ்வாமை தரக்கூடியவை எவை என்பதெல்லாம் லேபிளில் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் நாலு பாட்டில் ஜாமுக்குத் தனிச் சமையலறை கட்டு என்றால், வீட்டில் செய்து விற்பவர்கள் விற்பதை நிறுத்த மாட்டார்கள், லேபிள் ஒட்டுவதைத்தான் நிறுத்துவார்கள்.

எந்த உணவை வீட்டில் செய்து விற்கலாம், எதை விற்கவே கூடாது என்பதை அடுத்த இதழில் விவரமாகப் போடுங்கள். அடுப்படியில் நின்று சம்பாதிக்கிறவர்களுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி