புரூக்ளினில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் குடியிருப்பில் வசிக்கும் பெரியவர் ஒருவர் உன் தலையில் இருந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் தொப்பியைப் பார்த்துவிட்டு, "அது எங்களிடமிருந்து பறித்துக்கொண்டு போன அணி" என்று கடிந்துகொண்டதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாய். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து வளர்ந்த உனக்கு டாட்ஜர்ஸ் என்றால் மலைமேல் இருக்கும் அந்த மைதானம்தான். ஆனால் நீ இப்போது குடியிருக்கும் நியூயார்க்கின் புரூக்ளின்தான் அந்த அணியின் பூர்வீக மண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ஃபோர்டு அவென்யூவும் சல்லிவன் பிளேஸும் சந்திக்கும் மூலைக்குப் போய்ப் பார். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கும் அந்த இடத்தில்தான், 1913 முதல் 1957 வரை டாட்ஜர்ஸ் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டு இருந்தது. ஏறத்தாழ 60 ஆண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு இடமளிக்காதிருந்த, அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில், 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் டாட்ஜர்ஸுக்காக முதன்முறையாகக் களமிறங்கியது அங்கேதான். அன்று அவருக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸை, அதாவது முதல் ஓட்டக் கட்டத்தை, அடைவது) விழவில்லை. ஆயினும் ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடி, எதிரணியின் பிழையால் பேஸை அடைந்து, அணியை முன்னிலைக்குக் கொண்டுசென்ற ரன்னை எடுத்தவர் அவரே. அப்படிப்பட்டவரையே 1956 இறுதியில் பரம எதிரியான ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றிவிட நிர்வாகம் முடிவு செய்தது. அவர் அங்கே போகாமல் ஓய்வு பெற்றுவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

நியூயார்க்கின் யாங்கீஸ் அணியிடம் உலகத் தொடர் என்னும் இறுதிச் சுற்றில் ஐந்து முறை தோற்ற பிறகு, 1955-இல் ஜானி போட்ரெஸ் என்ற 23 வயது பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஏழாவது ஆட்டத்தில் ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்காமல் 2-0 என்று வென்று கொடுத்தார். புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே உலகத் தொடர்க் கோப்பை அதுதான். இரண்டே ஆண்டுகளில் அணி ஊரைவிட்டே லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிவிட்டது.

உன் அண்டைவீட்டுப் பெரியவர் உரிமையாளர் வால்டர் ஓமாலியைத்தான் திட்டுவார். அதில் பாதி நியாயம்தான் உண்டு என்பது என் கருத்து. நீ தினமும் ரயில் மாறும் அட்லாண்டிக், ஃபிளாட்புஷ் அவென்யூக்களின் சந்திப்பருகே சொந்தச் செலவில் மைதானம் கட்ட ஓமாலி நிலம் கேட்டார். நகரத்தின் கட்டுமானங்களைத் தன் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு இணங்காமல், நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குயின்ஸில் உள்ள ஃபிளஷிங் மெடோஸுக்குப் போகச் சொன்னார். குயின்ஸுக்குப் போனால் அது புரூக்ளின் அணியாக இருக்காது என்று மறுத்த ஓமாலி, அமெரிக்காவின் மறுகோடிக்கே அணியைக் கொண்டுபோனதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கதை அதைவிடக் கசப்பானது. நம் மைதானம் இருக்கும் சாவேஸ் ரவீனில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். பொது வீட்டுவசதித் திட்டம் வரப்போகிறது என்று சொல்லி 1950-இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேறச் சொன்னது. திட்டம் கைவிடப்பட்டது, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. கடைசிவரை வெளியேற மறுத்தவர்களை 1959 மே மாதத்தில் காவலர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வந்து தெருவில் விட்ட புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. 1962-இல் அந்த இடத்தில் மைதானம் திறக்கப்பட்டது.

அதனால்தான் 1981-இல் ஃபெர்னாண்டோ வலன்சுவேலா வந்தது வெறும் ஆட்டச் செய்தியாக இருக்கவில்லை. மெக்சிகோவின் சோனோரா மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்த 20 வயதுப் பிள்ளை, வலக்காலை உயர்த்தி, பந்து கையைவிட்டுப் போகுமுன் கண்ணை வானத்தின்மேல் ஒரு கணம் நிறுத்திவிட்டு ஸ்க்ரூபால் என்னும் வளையும் பந்தை வீசுவார். அந்த சீசனில் அவர் பந்துவீச்சைத் தொடங்கிய முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. அதுவரை அந்த மைதானத்தின் வாசலை மிதிக்கமாட்டோம் என்றிருந்த பல மெக்சிகக் குடும்பங்கள் அவருக்காக வந்தன. அதற்காகப் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். அவர் 2024 அக்டோபரில் காலமான மூன்றாம் நாள் யாங்கீஸுடன் உலகத் தொடர் தொடங்கியது; சட்டையில் அவருடைய 34-ஆம் எண்ணை அணிந்துதான் நம்மவர்கள் ஆடி, கோப்பையையும் வென்றார்கள்.

(டாட்ஜர்ஸ் ஆட்டங்களின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் வர்ணனையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. புரூக்ளினில் 1950-இல் தொடங்கி 2016 வரை இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த குரல் அவருடையது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.)

அடுத்த சீசனில் டாட்ஜர்ஸ் மெட்ஸுடன் ஆட நியூயார்க் வரும்போது நானும் அப்பாவும் வருகிறோம். மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டு இருப்பது, மோசஸ் ஓமாலிக்குக் காட்டிய அதே ஃபிளஷிங் மெடோஸில்தான். அதன் முகப்பையும் எபெட்ஸ் ஃபீல்டின் சாயலில் கட்டி, நுழைவு மண்டபத்துக்கு ராபின்சன் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆட்ட அட்டவணை வந்தவுடன் மூன்றாம் பேஸ் பக்கமாக மூன்று இருக்கைகள் எடுத்துவிடு. வெளியூர் அணி உட்காருவது அந்தப் பக்கம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படி அதிகம் ஏறாத வரிசையாகப் பார்.

அன்புடன்,
அம்மா