டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்பெட்டியும் உள்ள வண்டி) வாங்குவது பற்றி

அன்பின் மகனுக்கு,

நீ அனுப்பின படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்த வெள்ளை டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப்தான் பிடித்திருக்கிறது, ஏசி இருக்கிறதாம். எனக்கு அதன் இஞ்சின்தான் யோசனை.

அது 1கேடி என்ற டீசல் இஞ்சின், மூன்று லீற்றர், கொமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வகை. ஒழுங்காகப் பராமரித்தவன் கையில் நல்ல இஞ்சின், இழுவைக்குக் குறையில்லை. ஆனால் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாசர் கசியத் தொடங்கினால் எரிந்த புகை ஒயிலுக்குள் இறங்கும். கரி சேர்ந்து, அடியில் ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். பிறகு ஒயில் மேலே ஏறாது, இஞ்சின் இறுகிவிடும். வண்டியைச் சுற்றிவந்து பார்க்கிறவனுக்கு இது ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. 2022 இல் டீசல் 400 ரூபாயைத் தாண்டி நின்றபோதும் மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். ஓகஸ்டில்தான் அதை 340 ஆக்கினார்கள். அந்த மாதங்களில் எவன் தாங்கிக்குள் எதைக் கலந்தான் என்று பதிவுப் புத்தகத்திலா எழுதியிருக்கும்? டீசல் பம்புக்கு உயவே அந்த டீசல்தான். மண்ணெண்ணெய் கூடினால் பம்பும் இன்ஜெக்டரும் காய்ந்து தேயும். பிளாஸ்ரிக் கானில் தேக்கி வைத்த டீசலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது வேறு. பழைய மெக்கானிக்கல் பம்ப் ஓரளவு பொறுக்கும், கொமன் ரெயில் பொறுக்காது. இங்கே பக்கத்துக் கராஜில் இன்ஜெக்டரைப் பற்றிக் கேட்டால், வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ என்றுதான் மெக்கானிக் பாஸ் சொல்லுகிறார்.

அதனால் என் மனம் 5எல் இஞ்சின் போட்ட பழைய ஹைலக்ஸ் பக்கம்தான். ரேர்போ இல்லை, சென்சர் இல்லை, கிறவல் வீதிப் புழுதியில் எயார் பில்ரரைத் தட்டித் துடைத்துப் போட்டால் ஓடும். குறை இல்லாமலில்லை. ஓட்டம் மெதுவு, ஏ9 வீதியில் பஸ்காரன் பின்னால் நின்று ஹோர்ன் அடிப்பான். அம்மாவின் இடுப்புக்கு அந்த லீவ் ஸ்பிரிங் ஆகாது, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் இரண்டு நாள் படுப்பா. விலையும் நியாயமில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழசெல்லாம் பொன்னாகிவிட்டது. 2025 இல் திறந்துவிட்டும், வரியைப் பார்த்தால் புதுசுக்குக் கிட்டப் போக முடியாது.

நீ கேட்ட மிற்சுபிசி எல் 200 பற்றி: அதன் 4டி56 இஞ்சின் சூடு ஏறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். ரைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று சொல்லத் தெரியாதவனிடம் வாங்கக்கூடாது. இசுசு டிமக்ஸ் கிடைத்தால் நல்லதுதான், அதில் 4ஜேஜே1 இஞ்சின், பெல்ட்டுக்குப் பதிலாக ரைமிங் செயின். எங்கள் பக்கம் விற்க வருவது குறைவு.

இஞ்சினைவிட எனக்குப் பயம் சேஸில், வண்டியின் அடிச்சட்டத்தில்தான். முல்லைத்தீவில் ஐஸ் போட்டு மீன் ஏற்றிய வண்டியென்றால், பின்பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் சேஸைத் தின்றிருக்கும். மேலே புதுப் பெயின்ற் மினுங்கும். நான் போகும்போது சேஸைத் தட்டிப் பார்க்கச் சின்னச் சுத்தியலும் ரோச்சும் கொண்டுபோவேன். விற்கிறவன் முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

விடிய வருகிறேன், அதற்கு முதல் ஸ்ரார்ட் பண்ணிவிடாதீர்கள் என்று சொல்லி வைப்பேன். போனதும் முதலில் பொனற்றைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்து கிடக்கிற இஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை, கட கட சத்தம், ஒயில் மூடியைத் திறந்தால் ஊதுகிற காற்று, இவைதான் உண்மையைச் சொல்லும். மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நான் நம்புவதில்லை, கிளச், பிறேக் மிதிகளின் றப்பர் தேய்மானத்தைப் பார்ப்பேன்.

புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அதை நீக்கின பிறகுதான் காசு. நீ அவசரப்பட்டு அட்வான்ஸ் அனுப்பிவிடாதே. காலபோக நெல் வந்த பிறகு என் பங்கும் கொஞ்சம் சேரும். அதுவரை பக்கத்து லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) காரன் மூட்டைகளை ஏற்றித் தருவான், கூலி பேசியாயிற்று. அந்த வெள்ளை ஹைலக்ஸ்காரனின் நம்பரையும் அனுப்பு, அம்மாவுக்காக ஒருக்கால் போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்
அப்பா