ஒஸ்லோவில் இருக்கும் மருமகனுக்கு, அந்தச் சிவப்புக் காரைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

வாங்கலாமா என்று கேட்டு நீர் அனுப்பின 14 படங்களையும் நேற்று இரவு கராஜைப் பூட்டின பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2010ஆம் ஆண்டு டெஸ்லா ரோட்ஸ்டர் மின்சாரக் கார், சிவப்பு நிறம், ஒரே ஆள் வைத்திருந்தது, 12,000 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. "மாமா, புதுக் கார் மாதிரி இருக்கு" என்று கீழே எழுதியிருந்தீர். அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பொடியள் இரண்டு மூன்று பேரும் இதே மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெற்றோல் கார் என்றால் குறைய ஓடினது நல்லது என்று எங்களுக்குப் பழகிவிட்டது. மின்சாரக் காருக்கு அந்தக் கணக்குச் சரிவராது. அது ஓடாத நாட்களில் எங்கே நின்றது, எப்படி நின்றது என்று முதலில் கேட்க வேண்டும்.

கொக்குவிலில் ஒரு வளவுக்குப் போன வருடம் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில். வந்து நிற்கிற நாட்களில் ஓடுவதற்கென்று வாங்கின சின்ன மின்சாரக் கார் மாமரத்துக்குக் கீழே தறப்பாள் போர்த்தியபடி நின்றது. தறப்பாளை இழுக்கக் காய்ந்த மாம்பூ பொலபொலவென்று கொட்டியது. உள்ளே பெயின்ற் மினுங்குகிறது, பின் சீற்றின் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. திறப்பை அமத்தினேன், ஒரு அசுமாத்தமும் இல்லை. 12 வோல்ட் பற்றரியை மாற்றின பிறகு உள்ளே லைற்றுகள் எரிந்தன. ஆனால் பெரிய பற்றரி சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. ஒன்றரை வருடம் அப்படியே விட்டதில் செல்கள் அடியோடு வற்றிப்போயிருந்தன. வளவைப் பார்த்துக்கொள்கிற ஐயா கையில் துணியோடு பக்கத்தில் நின்றார். "நான் ஒவ்வொரு வெள்ளியும் துடைச்சனான் தம்பி" என்றார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிளக் போட வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

லிதியம் செல்லின் வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு வேறு இடத்தில் படிந்து, செல் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம். அதற்காகத்தான் கார் சார்ஜை ஏற்க மறுக்கிறது.

ரோட்ஸ்டருக்கும் இதே ஆபத்து உண்டு. நிற்கும்போதும் அதன் எலக்ட்ரோனிக்ஸ் பெரிய பற்றரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் இறங்கின நிலையில் பிளக் இல்லாமல் விட்டு, பற்றரியே செத்துப்போன ரோட்ஸ்டர்களைப் பற்றி 2012இல் பெரிய பேச்சு நடந்தது. ஆகவே விற்கிறவரிடம் ஒவ்வொரு பனிக்காலமாகக் கேளும்: எந்தக் கொட்டிலில் நின்றது, பிளக் போட்டிருந்ததா, நீண்ட நாள் நிறுத்துவதற்கென்று அந்தக் காரில் இருக்கிற ஸ்டோரேஜ் முறையில் வைத்தாரா, இல்லையென்றால் முழுச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் விட்டாரா. முழுச் சார்ஜில் நெடுநாள் நிற்பதும் செல்லை வயதாக்கும். காரை நேசித்தவர் இதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொல்லுவார். தடுமாறுகிறவரிடம் விலை பேச அவசரப்பட வேண்டாம்.

வாய்ப்பேச்சோடு விட்டுவிடவும் கூடாது. அந்தப் பற்றரிக்குள் 6,831 செல்கள், மடிக்கணினியில் போடுகிற அதே வகை. 69 செல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி ஒரு கட்டு, அப்படி 99 கட்டுகள் வரிசையாக. புதிதில் மொத்தம் 53 கிலோவாற் மணி, முழுச் சார்ஜில் 390 கிலோமீற்றர் அளவு ஓட்டம். 99 கட்டும் வரிசையில் நிற்பதால், ஒன்று மெலிந்தால் மற்ற 98இலும் மிச்சமிருக்கிற சார்ஜ் உமக்கு உதவாது. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தை நினைத்துப் பாரும். கால் ஏலாத ஆச்சியின் நடைதான் எல்லாருக்கும் நடை.

இதைக் கார் தானே கணக்கு வைத்திருக்கிறது. சிஏசி என்று ரோட்ஸ்டர்க்காரர் சொல்லுகிற எண் அது, பற்றரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை அம்பியர் மணியில் காட்டும். புதிதில் 160 அளவில் இருக்கும். காரின் பதிவை யூஎஸ்பியில் எடுத்து அந்த எண்ணையும், எந்தக் கட்டாவது மற்றவற்றைவிட விழுந்து கிடக்கிறதா என்பதையும் பார்க்கலாம். பதிவு தர மாட்டேன் என்றால் திரும்பி வாரும். படமாக அனுப்பின எண்ணையும் நம்ப வேண்டாம். இங்கே நிசான் லீஃப் மின்சாரக் காரில் பற்றரி நலத்தைக் காட்டுகிற 12 கோடும் தெரிவதற்காகக் கணக்கை அழித்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. வாங்கி ஓட ஓடக் கோடு மறுபடி விழும். காரை ஓட்டி, சார்ஜ் ஏற்றி, அதன் பிறகு நீரே எடுத்துப் பாரும்.

இன்னொரு கேள்வி, பழைய பற்றரியா மாற்றினதா? 2014 டிசம்பரில் கொம்பனி ஒரு புதுப்பிப்பை அறிவித்தது, 80 கிலோவாற் மணி அளவிலான பற்றரி பிறகு சில கார்களுக்குப் போடப்பட்டது. மாற்றினது என்று சொன்னால் பற்றுச்சீட்டைக் கேளும். மாற்றினது என்றால் நீர் பேசுவது வேறு ஒரு காருக்கு, விலையும் வேறு.

அப்புறம், பின்பக்கம் இருக்கிற பவர் எலக்ட்ரோனிக்ஸ் பெட்டி, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது. பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் உண்டு, இந்தப் பெட்டிக்கும் மோட்டருக்கும் காற்றுத்தான். விசிறி தூசியையும் சருகையும் இழுத்து உள்ளே அடைத்துவிடும், பிறகு சூடேறிக் கார் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசியாக எப்போது கழற்றித் துப்பரவாக்கினது என்று கேளும். ஒரு தரமும் செய்யவில்லை என்று சொன்னால் அந்தச் செலவை விலையில் கழியும். உங்கள் ஊர் மேட்டில் நல்லாக இறுக்கி ஏறினால் இதன் சீத்துவம் தெரியும். பத்து நிமிஷ ஓட்டம் போதாது, அரை மணித்தியாலமாவது வேண்டும். முழுச் சார்ஜிலோ பற்றரி நல்லாகக் குளிர்ந்திருக்கும்போதோ ஓட்டினால், காலை எடுக்கும்போது மோட்டர் சார்ஜைத் திருப்பி ஏற்றுவது குறைவாக இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜ் இருக்கும்போது ஓட்டிப் பாரும்.

காரின் மேலுடல் காபன் ஃபைபர், அடிச்சட்டம் ஒட்டிக் கட்டின அலுமினியம். சின்ன இடி என்றாலும் இதைத் திருத்தத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே லிஃப்டில் ஏற்றிக் கீழே இருந்து பாரும், சட்டம் வளைந்த, திருத்தின அடையாளம் இருந்தால் விட்டுவிடும். அங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுவார்கள் அல்லவா? காரைநகரிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் வருகிற வாகனங்களில் கடற்காற்று செய்கிற வேலையை நான் தினமும் பார்க்கிறேன். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே போல்ட் எல்லாம் உதிர்ந்து கையோடு வரும். சஸ்பென்ஷன் கைகளையும் பிறேக் குழாய்களையும் ரோச் அடித்துப் பாரும். பின் ரயர் இரண்டும் சீக்கிரம் தேயும், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

சார்ஜ் வயரை மறந்துவிட வேண்டாம். அந்தக் காரின் பிளக் வாய் தனி வகை, வேகச் சார்ஜும் இல்லை. வயர்களும் அடாப்டரும் காரோடு வருகிறதா என்று பேச்சிலேயே முடித்துக்கொள்ளும். வாயைத் திறந்து பின்கள் கறுத்திருக்கிறதா என்றும் பாரும்.

பணம் கட்டுவதற்கு முன்னமே, ரோட்ஸ்டரில் கை வைத்துப் பழகின ஒரு மெக்கானிக்கை அங்கே கண்டுபிடித்து வையும். அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல கார் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். 2008இல் தொடங்கி 2012இல் முடிந்துபோன கார் அது, மொத்தமே 2,500க்குள்தான் செய்தார்கள்.

உமக்கு அந்தக் காரில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீர் கீறி வைத்த கார்களை அக்கா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறா. வேண்டாம் என்று சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. சனிக்கிழமை பார்க்கப் போகும்போது வீடியோவில் என்னை எடும். கோடை நேரத்தில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே மத்தியானம் 1.30, கராஜில் சாப்பாட்டு நேரம். முதலில் பிளக் வாயைக் காட்டும், அதன் பிறகு அடிப்பக்கம். சிவப்பைக் கடைசியில் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா
யாழ்ப்பாணம்