"கதவு தெறந்துதான இருக்கு, ஏன் ஓடல?"னு கேட்டு ஒரு ஸ்டார் போட்ட மக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

சண்டை போடுறதுக்காக எழுதல, ஆனா கொஞ்சம் கடுப்புல இருக்கேன், அதை மொதல்லயே சொல்லிடுறேன்.

ஒரு பழைய வீடு, ஏழெட்டு பேர், எல்லாருக்கும் ஒரே கலர் டிரஸ், நடுவுல ஒரு தலைவர், ஒரு தேதி குறிச்சு வெச்சிருக்காங்க, அன்னிக்கு உலகம் அழியப் போகுது. கம்மி பட்ஜெட்ல இப்படி ஒரு த்ரில்லர் வந்தா நான் விடுறதில்ல, நீங்களும் விடுறதில்ல போல, ஏன்னா படம் முடிஞ்ச கையோட உங்க தீர்ப்பு வந்துடுது. "சுத்தமா லாஜிக் இல்ல. பூட்டு கூட போடல, எந்திரிச்சு போக வேண்டியதுதான? எல்லாரும் லூசு மாதிரி இருக்காங்க. ஒரு ஸ்டார்."

நானும் முன்னாடி உங்க கட்சிதான். "ஓடுடா டேய்"னு ஸ்க்ரீனைப் பாத்து கத்துனவன் நான். அப்புறம் நிஜத்துல நடந்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நீங்க லாஜிக் ஓட்டைனு சொல்ற எடம்தான் இந்தப் படங்கள்லயே உருப்படியான எடம், மத்ததுல ஆயிரம் ஓட்டை இருக்கு, அதை விட்டுட்டு இதைப் போய் புடிச்சிருக்கீங்களே.

ஜோன்ஸ்டவுனை எடுத்துக்கங்க. 1978 நவம்பர் 18, தென் அமெரிக்காவுல கயானா நாட்டுக் காட்டுக்குள்ள, ஜிம் ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்கப் போதகரோட கூட்டம். ஒரே நாள்ல 900 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுல 300 பேருக்கு மேல சின்னப் பசங்க. "ஏன் ஓடல"னு கேக்குறீங்கல்ல, ஓடுனாங்க. அன்னிக்கு காலைல 11 பேர் பிக்னிக் போறோம்னு சொல்லிட்டு குழந்தைங்களையும் தூக்கிக்கிட்டு காட்டு வழியா நடந்தே தப்பிச்சாங்க. இன்னும் சில பேர் அமெரிக்காவுல இருந்து விசாரிக்க வந்திருந்த எம்.பி. லியோ ரயன் கூட வெளிப்படையா கெளம்புனாங்க, விமானம் ஏறப் போன எடத்துல அவங்களைச் சுட்டாங்க, ரயனோட சேத்து அஞ்சு பேர் அங்கயே போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க பாஸ்போர்ட் எல்லாம் கூட்டத்துக்கிட்ட, சுத்தி காடு, ஒலிபெருக்கில எந்நேரமும் அந்த ஆளு கொரல். அதுக்கு முன்னாடியே ராத்திரில எழுப்பி உக்கார வெச்சு, இது விஷம், குடிங்கன்னு ஒத்திகை வேற. குடிச்சாங்க, ஒண்ணும் ஆகல, சோதனை பண்ணேன்னு சொல்லிட்டான். அப்படி பழக்கப்பட்டவன்கிட்ட கடைசி நாள் கோப்பையை நீட்டும்போது இது நெசமா இல்ல மறுபடியும் ஒத்திகையான்னு அவனுக்கு எப்படிங்க தெரியும்?

இதுல என்னைத் தூங்க விடாம பண்ணது வேற ஒரு விஷயம். அந்தக் கடைசி நேரத்தை டேப்ல பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. அதுல கிறிஸ்டின் மில்லர்னு ஒரு அம்மா எந்திரிச்சு, ரஷ்யாவுக்குப் போலாம்னு பேசிக்கிட்டு இருந்தோமே அதுக்கு வழியே இல்லையான்னு கேக்குறாங்க, இந்தக் குழந்தைங்க வாழணும்ங்கன்னு வாதாடுறாங்க. ஜோன்ஸ் பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கான். ஆனா அந்தம்மாவை உக்கார வெச்சது கூட இருந்த ஜனம்தான். அவங்கதான் கத்துறாங்க, அவங்கதான் உனக்கு உசுரு மேல ஆசைங்குற மாதிரி பேசி அடக்குறாங்க. தெனமும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்க. கேள்வி கேட்ட ஒரே ஆளு அந்தம்மா, அவங்களும் அன்னிக்கே செத்துட்டாங்க.

இப்ப உங்க ஒரு ஸ்டார் படத்துக்கு வாங்க. இந்த மாதிரி படத்துல அநேகமா ஒரு சாப்பாட்டு மேசை சீன் வந்துடும், புதுசா வந்த பொண்ணு ஒரு கேள்வி கேப்பா, ஸ்பூன் சத்தம் நின்னுடும், எல்லாரும் அவளைப் பாப்பாங்க, தலைவர் மட்டும் சிரிச்சிக்கிட்டே சாப்பிடுவாரு. நீங்க அந்த எடத்துல ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்திருப்பீங்க. கதவுல பூட்டு எதுக்குன்னு அங்கதான் பதில் சொல்லியாச்சு, அந்த ஆறு ஜோடி கண்ணுதான் பூட்டு. நான் ஒரு வேலைல, போயிடணும் போயிடணும்னு தெரிஞ்சே மூணு வருஷம் உக்காந்திருந்தவன், அங்க எவனும் எனக்கு விஷம் குடுக்கல, "எல்லாரும் இருக்கும்போது உனக்கு மட்டும் என்ன"ங்குற ஒரு பார்வைதான், அதுக்கே மூணு வருஷம் போச்சு.

அடுத்தது, "படிச்சவங்க மாதிரி காட்றாங்க, படிச்சவன் இதையெல்லாம் நம்புவானா?" ஜப்பான்ல ஓம் ஷின்ரிக்கியோங்குற மதக் கூட்டம் 1995 மார்ச் 20 அன்னிக்கு டோக்கியோ சுரங்க ரயில்ல சரின் விஷவாயு விட்டாங்கல்ல, அந்த சரினைத் தயாரிச்சது கெமிஸ்ட்ரி படிச்சவங்க, ரயில்ல கொண்டு போய் விட்டவங்கள்ல ஒருத்தர் இதய டாக்டர். இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

"தலைவர் கேரக்டர்ல மாஸ் இல்ல"ங்குற கம்ப்ளெயின்ட்டும் எனக்குப் புரியல. உங்களுக்கு தாடி வெச்ச வில்லன், பின்னாடி பிஜிஎம், ரெண்டு பக்க டயலாக் வேணும். அமெரிக்காவுல ஹெவன்ஸ் கேட்னு இருந்த கூட்டத்தோட தலைவர் மார்ஷல் ஆப்பிள்வைட் மியூசிக் சொல்லிக் குடுத்த வாத்தியார், வீடியோவுல பாத்தா கண்ணைச் சிமிட்டாம மெதுவா பேசுற ஒரு மாமா மாதிரிதான் இருப்பாரு. 1997 மார்ச்ல அவரோட சேத்து 39 பேர், வால்நட்சத்திரத்துக்குப் பின்னாடி விண்கலம் வருது, அதுல ஏறிடலாம்னு செத்துப் போனாங்க. வெப்சைட் டிசைன் பண்ணி சம்பாதிச்சிக்கிட்டு இருந்த கூட்டம் அது, சும்மா கெடந்தவங்க இல்ல. அந்த விண்கலத்தைப் பாக்கணும்னு டெலஸ்கோப் ஒண்ணு வாங்கி, வால்நட்சத்திரம் தெரியுது பின்னாடி விண்கலம் தெரியலையேன்னு கடையில திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு அப்ப செய்தி வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அவங்களுக்கு நம்பிக்கைல சந்தேகம் வரல, டெலஸ்கோப்லதான் சந்தேகம். இந்த ஒரு சீனை எவனாவது படமா எடுக்கட்டும், ஒரு கடை, ஒரு கவுன்ட்டர், ரெண்டு நடிகர் போதும், செலவே இல்ல.

செலவுன்னு சொன்ன உடனே ஞாபகம் வருது, "லோ பட்ஜெட்னு அப்பட்டமா தெரியுது"ன்னு சொல்றீங்க. தெரியட்டுமே. கையில காசு இல்லாத டைரக்டருங்க இந்தக் கதைக்கே திரும்பத் திரும்ப வர்றது ஏன்னு நெனைக்கிறீங்க? உலகம் அழியறதைக் காட்ட பல கோடி வேணும், அழியப் போகுதுன்னு ஒருத்தன் நம்புறதைக் காட்ட ஒரு மூஞ்சி போதும். ஒரே லொக்கேஷன், ஒரே காஸ்ட்யூம், கூட்டம் வெளிய போகாது, வெளி ஆளு உள்ள வராது, கதையே பட்ஜெட்டுக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கு. அந்த மூஞ்சி மேல கேமரா நின்னா "லேக்"ங்குறீங்க. ஒண்ணுமே நடக்கல, எல்லாரும் காத்துக்கிட்டே இருக்காங்கன்னு.

காத்துக்கிட்டு இருக்குறதுதாங்க கதையே! 1954 டிசம்பர்ல அமெரிக்காவுல டோரதி மார்ட்டின்னு ஒரு அம்மா, 21ஆம் தேதி பெருவெள்ளம் வரும், அதுக்கு முன்னாடி பறக்கும் தட்டு வந்து நம்மளைக் கூட்டிட்டுப் போகும்னு சொல்லி ஒரு சின்னக் கூட்டம் அவங்க வீட்டு ஹால்ல உக்காந்திருந்தாங்க. பறக்கும் தட்டுல உலோகம் ஆகாதுன்னு டிரஸ்ல இருந்த ஜிப், கொக்கி எல்லாத்தையும் பிச்சு எடுத்தாங்க, கடைசி நிமிஷத்துல ஒருத்தரோட பேன்ட்ல ஜிப் இருக்குன்னு தெரிஞ்சு பதறிப்போய் அதை வெட்டி எடுத்தாங்களாம். கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருந்த ஆய்வாளருங்க எழுதி வெச்சது இது. பன்னெண்டு மணி ஆச்சு, எவனும் வரல. விடியக்காலம் அந்தம்மாவுக்கு ஒரு செய்தி வருது, உங்க நம்பிக்கையாலதான் உலகம் தப்பிச்சுதுன்னு. நான் டைரக்டரா இருந்தா அந்த பன்னெண்டுல இருந்து விடியற வரைக்கும் உள்ள நேரத்தை மட்டும் ஒன்றரை மணி நேரப் படமா எடுப்பேன், நீங்க அதுக்கும் ஒரு ஸ்டார்தான் போடுவீங்க, பரவால்ல.

இப்ப என் நெஜமான கோபத்துக்கு வர்றேன். இதே நீங்கதான், ஒரு படத்துக்கு மட்டும் நாலரை ஸ்டார் போட்டு "க்ளைமாக்ஸ் ட்விஸ்ட் வேற லெவல், புல்லரிச்சிடுச்சு"ன்னு குதிச்சீங்க. என்ன ட்விஸ்ட்? கடைசி ஷாட்ல வானம் செவப்பாகுது, தலைவர் சொன்னது உண்மை! இதைப் போய் ட்விஸ்ட்னு சொல்றீங்களே. எண்பது நிமிஷம் ஒரு ஏமாத்துக்காரன் கையில சிக்கி சீரழியுற ஜனத்தைக் காட்டிட்டு, கடைசி ரெண்டு நிமிஷத்துல ஏமாத்துக்காரன்தான் கரெக்டு, தப்பிச்சு ஓடுனவதான் மண்டூகம்னு முடிக்கிறது எவ்ளோ பெரிய துரோகம். நிஜத்துல ஒரு தேதியாவது பலிச்சிருக்கா? அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு போதகரோட கூட்டம் 1844 அக்டோபர் 22னு சொல்லுச்சு, அதை நம்பி வயல்ல வெளஞ்சதைக் கூட அறுக்காம விட்டவங்க இருந்தாங்க. விடிஞ்சிடுச்சு. ரேடியோல பிரசங்கம் பண்ண ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21னு சொன்னாரு, விடிஞ்சிடுச்சு, இல்ல இல்ல அக்டோபர் 21னு மாத்துனாரு, அதுவும் விடிஞ்சிடுச்சு. மறுநாள் காலைல எந்திரிச்சு, வித்துட்ட வீட்டையும் விட்டுட்ட வேலையையும் நெனைச்சுக்கிட்டு பல்லு வெளக்குறான் பாருங்க ஒருத்தன், அவன் மூஞ்சிதான் எனக்கு க்ளைமாக்ஸ். செவப்பு வானம் கம்ப்யூட்டர் வெச்சிருக்குற யாரு வேணா போட்டுடலாம்.

டைரக்டருங்க அந்த ட்விஸ்ட்டை ஏன் வெக்கிறாங்கன்னா நீங்க கேக்குறீங்க, அதான். வெக்கலன்னா "ஒண்ணுமே இல்லாம முடிச்சிட்டான்"னு திட்டுறீங்க.

ஒண்ணு மட்டும் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, சவுண்ட். படம் மங்கலா இருந்தா கூட மனசு பழகிக்கும், தலைவர் ரகசியமா பேசும்போது பக்கத்துல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேட்டுச்சுன்னா அங்கயே படம் செத்துடும், வாய் ஒரு பக்கம் டப்பிங் ஒரு பக்கம் போனா கேக்கவே வேணாம். அதுக்கு ஒரு ஸ்டார் கொறைங்க, வேணும்னா ஒன்றரை கூட கொறைங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஓடாத பொண்ணுக்காகக் கொறைச்சதை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
டெலஸ்கோப் சீனுக்காக இன்னும் காத்துக்கிட்டு இருக்குற ஒருத்தன்